தடைக்காலத்தில் மீன் பார்க்கப் போனோம்

ஏப்ரல் 15

இன்றிலிருந்து தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற நேரம் என்று இரண்டு மாதத்துக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. துறைமுகத்தில் லாஞ்சுகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பதால் தெருவில் நடக்க இடமில்லை. எல்லார் வீட்டிலும் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, எல்லார் வீட்டிலும் சண்டை நடக்கிறது. நம் வீட்டில் சண்டை இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

ஐஸ் கம்பெனியில் கொடுத்த டைரி புத்தாண்டிலிருந்து சும்மா கிடந்தது. ஜாக்கெட் அளவு குறித்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். இரண்டு அளவு எழுதினேன், பிறகு கை இந்தப் பக்கம் வந்துவிட்டது.

மீனவன் வீட்டிலேயே மீனை விலைக்கு வாங்குகிற காலம் இது. வெளியூர் ஐஸ் மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். மகள் தர்ஷிகாவும் நானும் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 19

தர்ஷிகாவுக்குப் பரீட்சை முடிந்தது. மூன்றாம் வகுப்புக்கு என்ன பரீட்சையோ, கலெக்டர் ஆகப்போகிறவள் மாதிரி பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தாள். வந்ததும் முதல் கேள்வி: “எப்பம்மா மீன் பாக்கப் போறோம்?”

சென்னைக்குப் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு மீன் காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடியால் ஒரு குகை கட்டியிருக்கிறார்களாம். நாம் நடுவில் நடந்து போக, தலைக்கு மேலேயும் பக்கத்திலும் மீன்கள் நீந்துமாம். வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும் வீட்டுப் பெண், மீன் பார்க்க டிக்கெட் எடுத்துப் போக வேண்டுமாம். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகிறேன், கூடை கூடையாகப் பார் என்றேன்.

“அது செத்த மீனும்மா. நான் கேக்கறது உயிரோட இருக்கற மீனு” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நானும் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ஆயிரம் ஆயிரமாய் மீன் ஆய்ந்திருக்கிறேன். நீந்துகிற மீனைப் பார்த்ததில்லை.

அவரிடம் சொன்னேன். “மீனைக் காசு குடுத்துப் பாக்கறதா?” என்று கேட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஏப்ரல் 22

பின்வாசலைப் பற்றி எழுத வேண்டும். நம் வீட்டு முன்வாசல் கடலைப் பார்த்தது. மாசி மாதத்திலிருந்து அவர் அந்தப் பக்கம் போவதில்லை. கேட்டால் பின்பக்கம்தான் டீக்கடைக்குக் கிட்டம் என்கிறார். உண்மையில் அந்தப் பக்கம் சுற்று. செருப்பைப் பின்பக்கம் மாற்றி வைத்தேன். அவர் உட்காரும் நாற்காலியையும் முருங்கை மரத்தடியில் போட்டுவிட்டேன். நாற்காலிக்கும் நிழல் வேண்டுமே.

தடைக்காலம் வந்தது ஒருவகையில் நல்லது. யாரும் கடலுக்குப் போகாதபோது இவர் போகாதது தெரியவில்லை.

ஏப்ரல் 27

மீன் பார்க்கப் போகிற விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வீட்டுப் பூங்காவனம் அக்கா அவர்கள் ஊருக்குப் போனபோது வழியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்களாம். பஸ்ஸில் போனால் அந்த வாசலிலேயே இறக்கிவிடுவார்கள், காலையில் முதல் வண்டியைப் பிடி, உள்ளே குளிராக இருக்கும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று ஏகப்பட்ட யோசனை சொன்னார்கள். நம் ஊரில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? கல்யாணத்துக்கு வந்த சால்வை ஒன்று பெட்டியில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா கடைசியாக, “உங்க வூட்டுக்காரரு வருவாரா?” என்று கேட்டார்கள். வராமல் எங்கே போவார் என்றேன்.

தர்ஷிகாவுக்கு நீலத்துணியில் கவுன் வெட்டினேன். சைனீஸ் காலர் வேண்டுமாம். வைத்தேன். வியர்வையில் கழுத்து அரித்தால் அப்போது தெரியும்.

மே 2

ஏழுமலை மாமா வந்தார். அவர் லாஞ்சில்தான் நம் வீட்டுக்காரர் டிரைவர். பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டுமாம்.

“நீ வந்து ஒரு பார்வ பாத்தா தேவல மாப்ள” என்றார்.

“வர்றேன் மாமா.”

“எப்போ?”

“வர்றேன்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். போகும்போது மாமா மெதுவாக, “ஆனி பொறந்தா லாஞ்சு கெளம்பிடும் வளரு. அவன் இல்லாட்டி வேற டிரைவர் பாக்கணும். அவன் வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் தூக்கம் இல்லை என்று அவர் பெண்டாட்டி சொன்னாள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போக வேண்டும் என்று நான் சாமி கும்பிடவில்லை. ஐஸ் கம்பெனியில் அவருக்கு வேலை இருக்கிறது, என் தையல் இருக்கிறது. முன்வாசலில் வந்து உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்று என்னிடம் ஒரு சண்டை போட்டால் போதும். எனக்குப் பழைய மனுஷர் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மே 3

தலைவலி. எழுதிவிடலாம்.

மாசி மாதம் என் கொழுந்தன் குணாளன் கடலில் போய்விட்டான். வலை இழுக்கிற கயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் சுக்கான் அறையில் முன்பக்கம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பும்போது ஆள் இல்லை. லாஞ்சை நிறுத்தி மூன்று பேர் குதித்தார்கள், இவரும் குதித்தார். பக்கத்து ஊர்ப் படகெல்லாம் வந்து ஐந்து நாள் தேடின. கிடைக்கவில்லை. அவன் சட்டை ஒன்றை வைத்துக் காரியம் செய்தோம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். தலை வாரிவிட்டதும் பள்ளிக்கு அனுப்பியதும் நான்தான். மீன் பொரித்தால் வால் துண்டு அவனுக்கு, கருகக் கருக முறுகலாக இருக்க வேண்டும். “அண்ணி, இன்னுங் கொஞ்சம் தீயட்டும்” என்று அடுப்புப் பக்கத்திலேயே நிற்பான். இருபத்தைந்து வயசிலும் அப்படித்தான் நின்றான்.

காரியத்தன்று எல்லாரும் அழுதார்கள். நூறு பேருக்குக் காபி போட வேண்டியிருந்தது, எனக்கு நேரமில்லை.

மே 10

சின்ன வஞ்சிரம் ஒன்று கிடைத்தது. வால் துண்டைப் பூனைக்குப் போட்டேன். இனிமேல் வாலை மார்க்கெட்டிலேயே வெட்டிப்போட்டுவிட்டு வாங்கிவர வேண்டும்.

மே 14

மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் வந்தால்தான் போக முடியும், பிள்ளையோடு நான் தனியாக அவ்வளவு தூரம் போய்ப் பழக்கமில்லை என்றேன். பொய்தான். நான் தனியாகச் சென்னைக்கே போய்த் தையல் மிஷின் வாங்கிவந்தவள்.

“வெயிலு கொறையட்டும்” என்றார். கத்திரி வெயில் ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. அது முடிந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மே 21

தர்ஷிகாவுக்குக் காய்ச்சல். அம்மை இல்லை, வெயில்தான் என்று டாக்டர் சொன்னார்.

மே 22

காய்ச்சல் இறங்கவில்லை. ஈரத்துணி மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

மே 23

இன்று பரவாயில்லை. கஞ்சி குடித்தாள். அதற்கு முன்பு ஒன்று நடந்தது.

மத்தியானம் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது. தர்ஷிகா பேசுவது கேட்டது.

“நான் செத்துட்டா மீன் பாக்க முடியாதாப்பா?”

“யாரு சொன்னா அப்டி? காய்ச்ச வந்தா சாவாங்களா?”

“சித்தப்பா கூட்டினு போறேன்னு சொல்லிச்சு. தடைக்காலம் வரட்டும் குட்டி, கண்ணாடிக் கொகைல நடக்கலாம்னு சொல்லிச்சு. தடைக்காலம் வந்துடுச்சு.”

விசிறிச் சத்தம் நின்றது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் இவளுக்குப் போனில் அந்தக் குகையை வீடியோவாகக் காட்டியது எனக்குத் தெரியும். அண்ணனிடம் அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அவன் பெயரை இந்த வீட்டில் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் பஸ், சால்வை, கவுன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

கஞ்சியோடு போனபோது அவர் என்னைப் பார்க்காமல், “எந்த பஸ்ஸுன்னு கேட்டு வெய்யி” என்றார்.

மே 30

கவுனில் கொக்கி வைத்தாயிற்று. தர்ஷிகா கண்ணாடி முன் நின்று நடந்து பார்க்கிறாள். குகையில் நடக்கப் பயிற்சியாம்.

அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கடை பின்தெருவில்தான்.

ஜூன் 4

நாளை போகிறோம். தண்ணீர் பாட்டில், சால்வை, வாந்தி வந்தால் பிடிக்கப் பை, எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மதியத்துக்கு ஓட்டலில் சாப்பிட்டால் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வரும். கட்டிக்கொண்டு போய்விடலாம். இரட்டை அடுக்கு டிபன் கேரியரைத் தேய்த்து வைத்தேன். சாயங்காலம், தடை இல்லாத சின்னப் படகுக்காரர் ஒருவர் நல்ல வஞ்சிரம் கொண்டுவந்தார், இன்றைக்குப் பிடித்தது, கண் பளபள என்று இருந்தது. விடவில்லை. மசாலா தடவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6

நேற்று வந்து படுத்ததுதான் தெரியும். இன்று மிஷின் பக்கமே போகவில்லை. ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பஸ்ஸில் தர்ஷிகா வாந்தி எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்தச் சாலையில் ஒரு பக்கம் கடல் கூடவே வருகிறது. அவர் கடல் இல்லாத பக்கமாக உட்கார்ந்தார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். செக்யூரிட்டிக்காரருக்கு என் அண்ணன் வயசு இருக்கும். டிபன் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னார். மேல் அடுக்கில் சோறு. கீழ் அடுக்கைத் திறந்ததும் வஞ்சிர வறுவல் வாசனை அந்த ஏசிக் காற்றில் வரிசை முழுக்கப் போனது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னம்மா இது?”

“மத்தியானச் சாப்பாடுங்க.”

“அது தெரியுது. மீன் பாக்க வர்றவங்க மீனையே பொரிச்சு எடுத்தாந்தா எப்படிம்மா?”

சத்தியமாக அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. வெளியூர் போனால் மீன் பொரித்துக்கொண்டு போவோம், நான் பார்த்து எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தர்ஷிகா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “மூடும்மா. உள்ள இருக்கறதுங்க பாத்தா பயந்துடும்.”

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. யாருக்கோ இருமல் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாசிக்குப் பிறகு முதல்முறை. செக்யூரிட்டிக்காரரும் சிரித்துவிட்டு, கேரியரைத் தன் மேசைக்கு அடியில் வைத்தார். “போய்ப் பாத்துட்டு வாங்க. நான் தொடமாட்டேன். வாசனதான் சோதிக்குது” என்றார்.

உள்ளே இருட்டும் நீலமுமாக இருந்தது. முதலில் சின்னச் சின்னத் தொட்டிகள். மஞ்சளும் கோடும் புள்ளியுமாக, துணிக்கடை மாதிரி. தர்ஷிகா ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து, “இது என்னாப்பா?” என்று கேட்டாள். அவர் முதல் மூன்று தொட்டிக்குத் தெரியாது என்றார். நிஜமாகவே தெரியவில்லை, அவை நம் கடல் மீன் இல்லை. நான்காவதில், “கிளிமீனு” என்றார். பிறகு, “இது களவா. பாரு, பாறை மாதிரி உக்காந்துனு இருக்கான்.” பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். நான் பின்னால் நடந்தேன். அவர் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

ஒரு பெரிய தொட்டியில் திருக்கை. இரண்டு பக்கமும் இறக்கையை மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனது. அவர் அங்கே நின்றுவிட்டார்.

“இது இப்படியா போவும்?” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“நான் எங்கத்த பாத்தேன்? இருவது வருசமா பாத்ததெல்லாம் பலகைல கெடந்து துள்றதுதான். மேல வந்தப்புறம்தான எனக்குத் தெரியும்.” மறுபடியும் பார்த்தார். “நல்லாத்தான் இருந்திருக்கு கீழ.”

அதற்கப்புறம்தான் குகை.

வளைந்த கண்ணாடி. தலைக்கு மேல் தண்ணீர், அதற்கும் மேலே எங்கேயோ கூரை திறந்திருக்க வேண்டும், வெயில் உள்ளே இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. மீன் கூட்டம் ஒன்று திரும்பும்போதெல்லாம் மொத்தமும் பளிச்சென்றது. தர்ஷிகா நடக்கவில்லை, பயிற்சி எல்லாம் மறந்துபோய் அண்ணாந்து நின்றாள். “சித்தப்பா சொன்ன மாதிரியே இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மயக்கம் வருகிறதோ என்று பயந்து கையைப் பிடித்தேன்.

“வளரு, அவன் போனது மத்தியானந்தான?”

“ஆமா.”

“நல்ல வெயிலு அன்னைக்கு.”

“ஆமா.”

“கீழ இருட்டா இருக்கும்னே நெனச்சினு இருந்தேன். கண்ண மூடுனா கறுப்பா தெரியும். அந்தக் கறுப்புக்குள்ள அவன் தனியா போறான்னு தெரியும்.” மேலே கையைக் காட்டினார். “இவ்ளோ வெளிச்சம் வரும்னு தெரியாது. கடலுக்கு அடியிலயிருந்து நான் மேல பாத்ததில்லயே.”

நான் அழுதேன். இத்தனை நாள் வராத அழுகை, அந்த இடம் பார்த்தா வர வேண்டும். சத்தம் போட்டு அழுதேன். யூனிபாரம் போட்ட ஒரு பெண் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். தர்ஷிகா, “எங்கம்மாவுக்குச் சுறான்னா பயம்” என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து வெளியிடத்தில் அவர் என் கையைக்கூடப் பிடித்ததில்லை. குணாளன் இருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பான்.

வெளியே வந்து கேரியரை வாங்கிக்கொண்டு ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். செக்யூரிட்டிக்காரருக்கு ஒரு துண்டை மூடியில் வைத்துக் கொடுத்தேன், வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். பரிமாறும்போதுதான் பார்த்தேன். வால் துண்டையும் எடுத்து வந்திருக்கிறேன், அதுவும் கருகக் கருக. பொரித்தபோது கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. மூடிவிடப் பார்த்தேன்.

“குடு” என்றார்.

ரசம் தனியாக எடுத்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. வால் துண்டை எடுத்து நடுவில் பிட்டு, ஒரு பாதியை என் சோற்றில் வைத்தார். மறு பாதியைத் தின்றார்.

“இன்னுங் கொஞ்சம் தீஞ்சிருக்கலாம்” என்றார்.

ஜூன் 8

பூங்காவனம் அக்காவுக்கு எல்லாவற்றையும் தர்ஷிகாவே சொல்லிவிட்டாள். நான் அழுததை மட்டும் விட்டுவிட்டாள். காலர் அரித்ததா என்று கேட்டேன், இல்லவே இல்லை என்றாள். கழுத்து சிவந்திருக்கிறது.

ஜூன் 11

காலையில் முருங்கை மரத்தடியில் நாற்காலி இல்லை. பதறிப்போய்த் தேடினேன். முன்வாசலில் இருந்தது, அவரும் இருந்தார். காற்று நன்றாக வருகிறது என்றார். செருப்பை எடுத்துவந்து முன்பக்கம் வைத்தேன்.

குழம்பில் உப்பு இல்லையாம். இருந்தது. வேண்டுமென்றே சண்டை போட்டேன்.

ஜூன் 13

ஏழுமலை மாமாவிடம் அவரே போய்ப் பேசிவிட்டு வந்தார். டிரைவர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். தான் வலைப் பக்கம் நிற்கிறாராம். “அங்க நிக்கறது எல்லாம் சின்னப் பசங்க. கயித்த யாராவது பாத்துனு இருக்கணும்” என்றார்.

நான் இதைக் கேட்கவில்லை. முன்வாசல்தான் கேட்டேன். ஆனால் முன்வாசலில் உட்கார்ந்த மனுஷர் எதிரே இருப்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பார்?

ஜூன் 15

விடியும் முன்பே ஊர் எழுந்துவிட்டது. லாஞ்சுகளுக்கெல்லாம் மாலை, கற்பூரம். பயமில்லை என்று எழுதினால் பொய். காபியைக் கீழே கொட்டினேன், மறுபடியும் போட்டுக் கொடுத்தேன். தர்ஷிகா தூக்கத்தோடு எழுந்துவந்து, “கீழ திருக்கைய பாத்தா கேட்டேன்னு சொல்லுப்பா” என்றாள். சரி என்று தலையை ஆட்டினார்.

மூன்று நாள் கழித்துத்தான் வருவார்கள். எதையாவது பேச வேண்டுமே என்று, “நீங்க வர்ற அன்னிக்கு மீன் எதுனா வாங்கி வெக்கட்டுமா?” என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் படி இறங்கினவர் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு வாங்கற? கொண்டாறேன்.”